பிரிகோடு எங்கே ஓடுகிறது? 56 மில்லிமீட்டர் உலோக விண்கப்பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட கப்பல் ஒரு குரூசர், அதாவது நடுத்தர அளவுப் போர்க்கப்பல். மூக்கு நுனியிலிருந்து எஞ்சின் வாய் வரை 56 மிமீ, அகலம் 16, உயரம் 12. ஆட்டம் ஃபுல் திரஸ்ட்: மினியேச்சர்களை, அதாவது சின்னஞ்சிறு கப்பல் உருவங்களை, மேசையில் நகர்த்தி ஆடும் விண்வெளிப் போர் ஆட்டம். இங்கிலாந்தின் கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ் வெளியிடும், ஜான் டஃப்லி எழுதிய விதிகள் அவை. இரண்டாம் பதிப்பு 1992-இல் வந்தது. தயார்நிலைக் கப்பல்களின் பட்டியலோடு முதல் ஃப்ளீட் புக் 1998-இல் வந்தது. எந்த நிறுவனத்தின் மினியேச்சரையும் மேசையில் வைத்து ஆட இந்த விதிகள் இடம் தருகின்றன. சொந்தக் கப்பலை வடிவமைத்து வார்க்க நினைப்பவர்கள் இங்கே வந்து சேர்வதற்கு அதுவே காரணம்.

காகிதத்திலும் கணினித் திரையிலும் அழகாக நிற்கிற கப்பல் உலோகத்தில் வரும்போது ஏன் சொதப்புகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: ரப்பர் அச்சின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் கோடு கப்பலின் மேல் எங்கே ஓடும் என்று வரைந்தவர் யோசிக்கவில்லை. இதைப் பிரிகோடு என்று அழைப்போம். வடிவம், வார்ப்பு, தாங்கி, கடைசியில் போலியைக் கண்டுபிடிப்பது வரை எல்லாம் அந்தக் கோட்டில் வந்து முட்டும்.

மேசை என்ன கேட்கிறது

ஆடுபவர் கப்பலைப் பக்கவாட்டில் பார்ப்பதே இல்லை. நின்றுகொண்டு, முக்கால் மீட்டர் தூரத்திலிருந்து, சாய்வாக மேலேயிருந்து பார்க்கிறார். ஆகவே கப்பலின் அடையாளம் அதன் மேல்தோற்றத்தில் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் செதுக்கும் நுணுக்கம் எல்லாம் அச்சுக்காரருக்கு வேலை, ஆடுபவருக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது அளவு. 56 மிமீ என்பது 280 மீட்டர் கப்பலைக் குறிக்கிறது என்று வைத்துக்கொண்டால் விகிதம் 1:5000. அந்தக் கணக்கில் 0.6 மிமீ சதுர ஜன்னல் என்பது 3 மீட்டர் கண்ணாடி. 1.5 மிமீ ஜன்னல் போட்டால் 280 மீட்டர் கப்பல் சட்டென்று மீன்பிடிப் படகாகச் சுருங்கிவிடும். அதே சமயம் 0.3 மிமீக்குக் குறைவான பள்ளக்கோடு அண்டர்கோட் என்னும் அடிப்பூச்சும் வண்ணமும் அடித்த பிறகு காணாமல் போகும். எனவே ஜன்னல் வேண்டாம். தளத்துக்குத் தளம் மெல்லிய பட்டை, பட்டைக்கு நடுவே 0.3 மிமீ அகலம், 0.3 மிமீ ஆழத்தில் கோடு. இது போதும். பள்ளத்தைவிட மேடு நன்றாக வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட உலர் தூரிகையில் தடவும்போது மேடுதான் நிறத்தைப் பிடிக்கும்.

மூன்றாவது, சுடும் கோணம். ஃப்ளீட் புக் விதிகளில் கப்பலைச் சுற்றி 60 டிகிரி வீதம் ஆறு பிரிவுகள். முன்பிரிவு மூக்குக்கு இரு பக்கமும் 30 டிகிரி. கப்பலைத் தாங்கும் அறுகோணத் தட்டில் தட்டையான ஒரு பக்கத்தை மூக்கின் திசைக்கு வைத்து ஒட்டினால், தட்டின் ஆறு மூலைகளும் அந்த ஆறு எல்லைக்கோடுகள் மேலேயே விழும். தனியாக அட்டை வெட்டி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மூலையை மூக்குக்கு நேராக ஒட்டியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் தகராறு செய்துகொண்டிருப்பார்கள்.

எந்த உலோகம்

தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று வீட்டில் எச்சரிப்பார்களே, அதற்குக் காரணம் அதன் உருகுநிலை 232 டிகிரிதான். காரீயம் வேறு. அது 327 டிகிரியில் உருகும், நஞ்சு. பழைய மினியேச்சர்கள் இந்த இரண்டும் கொஞ்சம் ஆண்டிமனியும் சேர்ந்த கலவை. 1993-இல் நியூயார்க் மாநிலத்தில் பொம்மைகளில் காரீயத்துக்கு எதிரான சட்ட நெருக்கடி வந்தபோது அமெரிக்காவின் ரால் பார்த்தா நிறுவனம் ‘ராலிடியம்’ என்று பெயரிட்ட காரீயமில்லாத உலோகத்துக்கு மாறியது. அந்தப் பத்தாண்டில் வேறு பல நிறுவனங்களும் மாறின. விலையும் ஏறியது, ஏனென்றால் வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை.

நம் குரூசரின் எடையைக் கணக்கிடலாம். 56 × 16 × 12 என்ற பெட்டியின் கொள்ளளவு 10.75 கன செ.மீ. இந்த மாதிரிக் கப்பல் அந்தப் பெட்டியில் ஏறக்குறைய 40 சதவீதத்தை நிரப்பும்: 4.3 கன செ.மீ. வெள்ளீயம் மிகுந்த கலவையின் அடர்த்தி 7.3, எடை 31 கிராம். காரீயம் 60, வெள்ளீயம் 40 என்ற கலவையில் அதே கப்பல் 40 கிராம். இதே வடிவத்தை இரட்டை நீளத்தில் பெரிய போர்க்கப்பலாக ஆக்கினால் எடை இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும்: 250 கிராம். பெரிய கப்பல்களின் வயிற்றைக் குடைந்து வார்ப்பதும், இரண்டு மூன்று துண்டாக விற்பதும் இதனால்தான்.

முதல் வரைவு ஏன் தோற்கும்

முதல் வரைவில் நடு உடல், அதிலிருந்து மேல்நோக்கி ‘V’ வடிவில் கிளம்பும் இரண்டு கால்கள், கால் நுனியில் ஆளுக்கொரு எஞ்சின் உருளை. மூக்கில் 0.7 மிமீ தடிப்பில் ஆண்டெனா. இரு பக்கமும் பிதுங்கிய பீரங்கிக் கோபுரங்கள். வயிற்றில், கப்பலைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் தாங்கிக் கம்பிக்கு 3 மிமீ துளை. பார்க்க அருமையான கப்பல்.

இப்போது இதை இரண்டு ரப்பர் வட்டுக்கு நடுவே படுக்க வையுங்கள். அந்த இரு வட்டும்தான் அச்சு; அதைச் சுழலவிட்டு நடுவில் உலோகத்தை ஊற்றினால் அது குழிகளுக்குள் பாயும். பிரிகோடு உடலின் இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. எஞ்சின் உருளைகள் அந்தக் கோட்டுக்கு மேலே தொங்குகின்றன. உருளைக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடுக்கில் ரப்பர் நாக்கு ஒன்று நுழைந்து நிற்கும். வார்ப்பை வெளியே எடுக்கும்போது அந்த நாக்கு வளைந்து கொடுத்துத்தான் கப்பலை விடும். ரப்பர் வளையும் என்பதால் முதல் சில வார்ப்புகள் நன்றாகவே வரும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிறகு நாக்கின் அடியில் கீறல் விழும், கீறலில் உலோகம் புகும், நாக்கு அறுந்துவிடும். அதற்குப் பிறகு இடுக்கு முழுவதும் உலோகம் அடைத்த கப்பல்தான்.

வழி இரண்டு. எஞ்சின்களைத் தனித் துண்டாக வார்த்து, 2 மிமீ சதுரக் கட்டையும் குழியும் வைத்துப் பொருத்தலாம். வட்டக் கட்டை வேண்டாம். ஒட்டும்போது சுழன்று ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். அல்லது கால்களை மடக்கி, எஞ்சின்களையும் உடலின் இடுப்புத் தளத்துக்கே இறக்கிவிடலாம். இரண்டாவதே மேல். துண்டு கூடினால் அச்சில் குழியும் கூடும், வாங்குபவருக்கு ஒட்டும் வேலையும் கூடும். மேலிருந்து பார்ப்பவருக்கு ‘V’ காலுக்கும் தட்டைக் காலுக்கும் வித்தியாசம் தெரியப்போவதும் இல்லை.

ஆண்டெனா 0.7 மிமீ என்றால் இரண்டு விதத்தில் தோற்கும்: உலோகம் நுனி வரை போகாது; போனாலும் பெட்டியில் போட்டு எடுக்கும்போது வளையும், நான்காவது முறை நிமிர்த்தும்போது ஒடியும். 1.2 மிமீயில் ஆரம்பித்து நுனிக்கு 0.9 ஆகக் கூம்பும் கூர்முனையாக மாற்றுங்கள். நிஜமாகவே மெல்லிய ஆண்டெனா வேண்டுமென்றால் வாங்குபவர் 0.5 மிமீ பித்தளைக் கம்பியைச் செருகிக்கொள்ளட்டும். அதற்குக் குழி அடையாளம் மட்டும் வையுங்கள்.

வயிற்றுத் துளையும் அப்படியே. 3 மிமீ துளையை வார்ப்பிலேயே கொண்டுவர வேண்டுமென்றால் அச்சுக்குள் 3 மிமீ தடிப்பில் ரப்பர் தூண் நிற்க வேண்டும். சூடான உலோகம் நாலாபுறமும் சூழ்ந்து அடிப்பது அந்தத் தூணைத்தான். அச்சில் முதலில் சாவதும் அதுதான். துளைக்குப் பதில் 0.5 மிமீ ஆழத்தில் ஒரு குழிப்பொட்டு போதும். டிரில் நுனி நழுவாமல் உட்கார அது வழிகாட்டும்.

இரண்டாம் வரைவில் பிரிகோடு உடலின் பக்கவாட்டில் ஓடும் கவசப்பட்டையின் கீழ் விளிம்பில் வந்து உட்காருகிறது. ஏற்கெனவே விளிம்பு இருக்கும் இடம் என்பதால், கோட்டில் கசிந்து நிற்கும் உலோகப் பிசிரை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் தடம் தெரியாது. வழவழப்பான பரப்பின் நடுவே கோடு ஓடினால் எவ்வளவு தேய்த்தாலும் வண்ணத்துக்குக் கீழே தழும்பு தெரியும்.

மூலமும் அச்சும்

வல்கனைஸ் செய்யும், அதாவது ரப்பரை வேகவைத்து இறுக்கும், அச்சு ஏறத்தாழ 150 டிகிரிச் சூட்டிலும் கடும் அழுத்தத்திலும் வேகிறது. அச்சு எடுக்க வைக்கும் முதல் உருவமே மூலம். பிளாஸ்டிக் தகட்டில் செய்த மூலம் அதில் உருகி நசுங்கும். பித்தளையும், பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவையும் தாங்கும். 3டி பிரிண்டரில் எடுத்த சாதாரண ரெசின் மூலத்தை நேரே அதற்குள் வைப்பது சூதாட்டம். அதனால் அறை வெப்பத்தில் இறுகும் சிலிக்கான் ரப்பரில் முதலில் ஓர் அச்சு எடுத்து, அதில் சில உலோக மூலங்கள் வார்த்து, அவற்றில் நல்லவற்றை எடுத்து உற்பத்தி அச்சு செய்கிறார்கள். இங்கே ஒரு பொறி உண்டு: பிளாட்டினம் வகைச் சிலிக்கான், சரியாக இறுகாத ரெசின் மேல் பட்டால் இறுகவே இறுகாது, கப்பலைச் சுற்றிப் பிசுபிசுவென்று கோந்து மாதிரி நிற்கும். ரெசினை நன்றாகக் கழுவி, புறஊதா விளக்கில் முழுமையாக இறுக்கிய பிறகே ஊற்ற வேண்டும், அல்லது டின் வகைச் சிலிக்கானுக்குப் போக வேண்டும். பிரிண்டரின் படிக்கட்டுக் கோடுகளையும் இந்தக் கட்டத்திலேயே தேய்த்துவிட வேண்டும். உலோகம் அதையும் விசுவாசமாகப் பிரதி எடுக்கும்.

ஒவ்வொரு அச்சிலும் உருவம் சுருங்கும். ரப்பரைப் பொறுத்து 2 முதல் 4 சதவீதம். 3 சதவீதம் என்று கொண்டால், இரண்டு தலைமுறை, அதாவது இரண்டு அச்சு, தாண்டி 56 மிமீ கிடைக்க மூலம் 59.5 மிமீ இருக்க வேண்டும். இடையில் வரும் உலோக மூலம் 57.7. இந்தக் கணக்கை மறந்தவருடைய எஞ்சின் துண்டு ஒரு தலைமுறையிலும் உடல் இரண்டு தலைமுறையிலும் வந்தால், கட்டை குழிக்குள் போகாது.

9 அங்குல வட்டில் இந்தக் குரூசரை ஆரக்கால் மாதிரி, மூக்கு வெளியே பார்க்க, எட்டு வைக்கலாம். எஞ்சின் பக்கம் மையத்தை நோக்கி இருக்கும். உலோகம் நுழையும் வாய் இரண்டு எஞ்சினுக்கும் நடுவே உள்ள தட்டைப் பகுதியில். எஞ்சின் வாயிலேயே வைத்தால் அங்கே உள்ள வளைய நுணுக்கத்தை வெட்டுக்கத்தியால் கொன்றுவிடுவீர்கள். தடித்த பகுதி வாயருகே இருப்பதில் இன்னொரு லாபம்: அது கடைசியில் உறையும், ஆகவே உறையும்போது சுருங்கும் உலோகத்துக்கு ஈடாக வாய்க்காலிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். திருப்பி வைத்தால் தடித்த எஞ்சினின் முதுகில் குழி விழும். இரண்டு வட்டும் நழுவாமல் பூட்டிக்கொள்ள, வேகவைக்கும் முன்பே ரப்பரில் குமிழ்த்தலை நட்டுகளைப் புதைத்துவிடுவது வழக்கம்.

வார்ப்பில் வரும் கோளாறுகள்

மூக்கு மழுங்கி வருவதுதான் அடிக்கடி வரும் புகார். எல்லோரும் உடனே உலோகத்தைச் சூடாக்குகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்று. மூக்கு அச்சின் வெளி ஓரத்தில் இருக்கிறது, உள்ளே இருந்த காற்றுக்கு அங்கே போக வழியில்லை. மூக்கு நுனியிலிருந்து வட்டின் விளிம்பு வரை, சவரக்கத்தி நுனியால் மயிரிழைக் காற்றுவழி ஒன்று கீறினால் அடுத்த சுற்றிலேயே கூர்மை வந்துவிடும். டால்க் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் காற்று இன்னும் எளிதாக வெளியேறும். பவுடர் அதிகமானால் கப்பலின் தோல் சொரசொரப்பாகும்.

முதல் இரண்டு மூன்று சுற்று எப்போதும் வீண். அச்சு இன்னும் குளிர்ந்திருக்கிறது. அவற்றைப் பார்த்து எதையும் திருத்தாமல், திரும்ப உருக்கும் சட்டியில் போடுங்கள். கப்பலைச் சுற்றிச் சல்லாத்துணி மாதிரி மெல்லிய பிசிர் வந்தால் சுழற்சி அதிகம் அல்லது வட்டுகளை அழுத்தும் விசை குறைவு. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் பூட்டு நட்டு தளர்ந்துவிட்டது. இதற்கு அரம் தீர்வல்ல, கப்பலைத் திரும்ப உருக்குங்கள். பரப்பு பனி படிந்தது போல மங்கி, சிறு குழிகளோடு வந்தால் உலோகம் மிஞ்சிக் காய்ந்திருக்கிறது. வெள்ளீயம் மிகுந்த கலவைக்கு 280 முதல் 320 டிகிரி வரை போதும். வெப்பமானி வாங்குங்கள், குச்சியை முக்கிக் கருகுகிறதா என்று பார்க்கும் பழைய முறை அனுபவக் கைக்கு மட்டுமே பேசும்.

உருகிய உலோகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவி வெடித்து உலோகம் முகத்துக்கு வரும். ஈரமான கட்டியைச் சட்டியில் போடாதீர்கள். முகக்கவசம், தோல் கையுறை, மூடிய செருப்பு. காரீயக் கலவை என்றால் சமையல் பாத்திரம் எதையும் பயன்படுத்தக் கூடாது; அரம் போடும்போது தூளை ஈரத்தில் பிடியுங்கள்.

தாங்கியின் கணக்கு

உலோகக் கப்பல் மேசையில் கவிழ்வது சாதாரணம். அதற்கும் எண்ணில் பதில் உண்டு. எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 30 மிமீ உள்ள அறுகோணப் பிளாஸ்டிக் தட்டு, எடை 3 கிராம். 31 கிராம் கப்பல் 45 மிமீ உயரத்தில். மொத்தத்தின் ஈர்ப்பு மையம் 41 மிமீ உயரத்தில் நிற்கிறது. தட்டு 20 டிகிரி சாய்ந்தால் கவிழும். கம்பியைக் கப்பலின் ஈர்ப்பு மையத்திலிருந்து 6 மிமீ தள்ளி வைத்திருந்தால் அந்தப் பக்கம் 13 டிகிரியே போதும். சட்டைக் கை பட்டாலே விழுந்துவிடும்.

ஆகவே முதலில் கப்பலை ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பில் குறுக்காக வைத்து, எங்கே தராசு போல நிற்கிறது என்று பாருங்கள். எஞ்சின் பக்கம் கனம் என்பதால் நீளத்தின் நடுவில் நிற்காது, சில மில்லிமீட்டர் பின்னால் நிற்கும். குழிப்பொட்டு அங்கேதான் வர வேண்டும். மூலத்தைச் செய்யும்போதே இதைத் தெரிந்துகொள்ள, அதே வடிவத்தைக் கணினியில் எடைபோட்டுப் பார்க்கலாம். ஆட்டத்தில் தூரத்தைக் கம்பியிலிருந்து அளப்பதாக முன்கூட்டியே பேசிவைத்தால் நடுவில் இல்லை என்ற சச்சரவும் எழாது.

அடுத்து, தட்டுக்கு அடியில் எம்10 அகல வாஷர் இரண்டு: வெளிவிட்டம் 30 மிமீ, தடிப்பு 2.5, ஒன்று 12 கிராம். இரண்டையும் எபாக்ஸியில் ஒட்டினால் கப்பல் 5 மிமீ உயர்ந்தாலும் மொத்த ஈர்ப்பு மையம் 28 மிமீக்கு இறங்குகிறது; கவிழும் கோணம் 28 டிகிரி. பெட்டிக்கு அடியில் காந்தத் தகடு ஒட்டினால் இந்த வாஷர்களே பயணத்திலும் கப்பலைப் பிடித்துக்கொள்ளும்.

துளையை 2.9 மிமீ டிரிலில் போட்டு, கம்பிக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். கை டிரிலை அழுத்த வேண்டாம். மென்மையான உலோகம் சூடேறி டிரில் நுனியில் அப்பிக்கொள்ளும், அரைத் திருப்பலுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடையுங்கள். கம்பியைக் கப்பலோடு ஒட்டாதீர்கள்.

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். டால்க் மிச்சமிருந்தால் அண்டர்கோட்டே உரிந்து வரும். கறுப்பு அண்டர்கோட், அடர்நிறம், பள்ளங்களில் தங்கும் நீர்த்த இங்க் வாஷ், வெளிர்நிறத்தில் உலர் தூரிகை, எஞ்சின் வாயில் ஒரு பிரகாச நிறம். ஒரு படைக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் இருபது கப்பலை ஒரே மூச்சில் முடிக்கலாம்.

பெட்டிக்குள் நடப்பது

பழைய காரீயக் கப்பல்களைச் சேர்ப்பவர்களின் எதிரி கண்ணாடி அலமாரி. குறிப்பாக ஓக் மரம், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை. இவற்றிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி காரீயத்தை வெள்ளைப் பொடியாக, அதாவது லெட் கார்பனேட்டாக, மாற்றுகிறது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய கப்பல் மாதிரிகளின் காரீய நங்கூரங்களும் பீரங்கிகளும் இப்படித்தான் கரைந்தன. முதலில் வண்ணம் கொப்புளிக்கும், பிறகு மாவு தெரியும். அந்த மாவை ஊதக் கூடாது, நஞ்சு. கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து, தனியே ஒதுக்கி, உலோகப் பெட்டிக்கோ பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்கோ மாற்றுங்கள். அரிப்பு ஆழமாகப் போயிருந்தால் நுணுக்கம் திரும்பி வராது.

கையில் இருப்பது எந்தக் கலவை என்று அறிய, மறைவான விளிம்பை வெள்ளைக் காகிதத்தில் தேயுங்கள். காரீயம் மிகுந்தது பென்சில் போலச் சாம்பல் கோடு இழுக்கும். பிசிர்த் துண்டு ஒன்றைக் காதருகே வைத்து வளைத்தால், வெள்ளீயம் மிகுந்தது மெல்லக் கறகறக்கும்.

உற்பத்தி நின்ற கப்பல்களுக்கு விலை ஏறும்போது நகல் வார்ப்புகள் வரும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1999-இல் வெளியிட்ட பேட்டில்ஃப்ளீட் காத்திக் என்னும் விண்கப்பல் ஆட்டம் 2013-இல் விற்பனையிலிருந்து போன பிறகு அந்த உலோகக் கப்பல்களைத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய கப்பலையே மூலமாக வைத்து அச்சு எடுத்தால் இன்னொரு தலைமுறை சுருக்கம் சேரும். நம் குரூசர் என்றால் 56 மிமீ 54.3 ஆகிவிடும். முழு நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம், மூக்கை யாராவது அரம் போட்டிருக்கலாம். இரண்டு எஞ்சின்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே வெர்னியரை வையுங்கள்: அசலில் 9.0 மிமீ, நகலில் 8.7. பிறகு கவசப்பட்டையின் கீழ் விளிம்பை விளக்குக்கு எதிரே திருப்புங்கள். அங்கே ஒரே தடமா, அல்லது பழைய தடத்தின் மேல் அரை மில்லிமீட்டர் விலகி இன்னொன்றும் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு பிரிகோடு தெரிந்தால் கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.